வண்ணங்களைப் பிரித்த மனிதர்

சங்கச் செயலாளர் போன் செய்து மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றபோது, எனக்கும் எழுத்துக்கும் ரொம்ப தூரம் சார் என்று நழுவப் பார்த்தேன். அவர் விடவில்லை. ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுத ஏற்கெனவே நாலு பேர் இருக்கிறார்கள், நீ படிக்கிற பசங்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் மறுக்க முடியாது என்பது நம் பேட்ச்காரர்களுக்குத் தெரியும்.

யோசித்துப் பார்த்ததில், 1919-ல் இறந்துபோன ஒரு மனிதரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. அவர் பெயர் மிகைல் ஸ்வெட். நம் எல்லோருக்கும் தெரிந்தவர்தான். முதலாம் ஆண்டு கெமிஸ்ட்ரி லேபில் சாக்பீஸின் அடியில் இங்க் பொட்டு வைத்துத் தண்ணீரில் நிறுத்தினோமே, ஞாபகம் இருக்கிறதா? கருப்பு இங்க் நீலமாகவும் சிவப்பாகவும் பிரிந்து மேலே ஏறும். ரெக்கார்டு நோட்டில் கண்டுபிடித்தவர்: ஸ்வெட் என்று எழுதினோம். இரண்டு மார்க் வந்தது. அத்தோடு சரி, அவரை மறந்துவிட்டோம்.

பல வருஷம் கழித்து, வேலையில் நான் செய்த ஒரு தப்புதான் என்னை மறுபடி அவரிடம் கொண்டுபோய் விட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அவர் கதை.

நாடில்லாத பிள்ளை

1872 மே 14-ம் தேதி இத்தாலியில் ஆஸ்தி என்ற ஊரில் ஸ்வெட் பிறந்தார். அப்பா ரஷ்ய அரசு அதிகாரி. அம்மா இத்தாலிய வம்சாவளியைச் சேர்ந்தவர். பிள்ளை பிறந்த கொஞ்ச நாளில் காலமாகிவிட்டார். அப்பா வேலைக்காக ரஷ்யா திரும்ப வேண்டியிருந்ததால், குழந்தை சுவிட்சர்லாந்தில் வளர்ந்தது. லொசான், ஜெனீவா என்று அந்த ஊர்களிலேயே படிப்பு. ஜெனீவா பல்கலைக்கழகத்தில் தாவர செல்களைப் பற்றி ஆராய்ந்து 1896-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அப்போது வயது 24.

அதே வருஷம் அப்பாவின் நாடான ரஷ்யாவுக்குப் போனார். அங்கேதான் முதல் அடி. வெளிநாட்டு டாக்டர் பட்டம் அங்கே செல்லாது. ரஷ்யப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதலிலிருந்து பட்டம் வாங்கினால்தான் வாத்தியார் வேலை. டாக்டர் பட்டம் பெற்றவர் மறுபடி மாணவர் மாதிரி ஆய்வுக் கட்டுரை எழுதி, 1901-ல் கஸான் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர் பட்டம் வாங்கினார். பிறந்தது ஒரு நாடு, வளர்ந்தது ஒரு நாடு, பிழைக்கப் போனது ஒரு நாடு. எங்கே போனாலும் வெளியாள். வெளியூர் போய் வேலை பார்க்கும் நம்மில் பலருக்கு இது புரியும்.

பிறகு வார்சா. இன்று போலந்தின் தலைநகரமான அந்த ஊர் அன்று ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. அங்கே பல்கலைக்கழகத்தில் சிறிய பதவி ஒன்று கிடைத்தது. அந்தச் சிறிய பதவியில் இருந்துகொண்டுதான் அவர் பெரிய காரியத்தைச் செய்தார்.

பச்சிலையில் ஒரு புதிர்

ஸ்வெட்டைப் பிடித்து ஆட்டிய கேள்வி சின்னதுதான். இலையில் உள்ள பச்சையமும் மஞ்சள் நிறமிகளும் தனியாகப் பிரித்தெடுத்தபின் பெட்ரோலியம் ஈதரில் நன்றாகவே கரைகின்றன. ஆனால் அதே ஈதரை நேராக இலையின் மேல் ஊற்றினால் கரோட்டின் மட்டும்தான் வருகிறது, பச்சையம் நகர மறுக்கிறது. கொஞ்சம் ஆல்கஹால் சேர்த்தால் உடனே எல்லாம் கரைந்து வந்துவிடுகிறது. ஏன்?

கரையாததால் அல்ல, இலைக்குள் ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைத்திருப்பதால்தான் வரவில்லை என்று ஸ்வெட் நினைத்தார். நினைத்ததோடு நிற்காமல் சோதித்தும் பார்த்தார். பிரித்தெடுத்த நிறமிகளை வடிதாளில் ஊறவிட்டு உலர்த்தினார். அதன்மேல் ஈதர் ஊற்றியபோது, இலை செய்ததையே தாளும் செய்தது. கரோட்டின் வந்தது, பச்சையம் ஒட்டிக்கொண்டது. இலைக்கும் தாளுக்கும் பொதுவான விஷயம் பரப்பு. பொருள்கள் பரப்பில் ஒட்டிக்கொள்வதைத்தான் பரப்புக் கவர்ச்சி என்று படித்தோம்.

தாள் செய்கிற வேலையை வேறு பொடிகள் இன்னும் நன்றாகச் செய்யுமா? இந்தக் கேள்விதான் அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது. சுண்ணாம்புக்கல் பொடியில் ஆரம்பித்துச் சர்க்கரை வரை நூறுக்கும் மேற்பட்ட பொடிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தார். ஒரு நல்ல பொடி கிடைத்ததும் நிறுத்திவிடவில்லை. எது எதைப் பிடிக்கிறது, எது எதை விடுகிறது, எது நிறமியையே கெடுக்கிறது என்று பட்டியல் போட்டார். 1903 மார்ச் 21-ம் தேதி வார்சா இயற்கை அறிவியலார் சங்கத்தில் இதைப் பற்றிப் பேசினார். அந்தச் சங்கத்தின் வெளியீட்டில் ரஷ்ய மொழியில் அச்சானது. உலகத்தில் யாரும் கவனிக்கவில்லை.

குழாயில் வானவில்

முறை இதுதான். மெல்லிய கண்ணாடிக் குழாயில் உலர்ந்த சுண்ணாம்புப் பொடியை (கால்சியம் கார்பனேட்) இறுக்கமாக அடைக்க வேண்டும். மேலே இலைச் சாற்றை ஊற்றி, பின்னாலேயே சுத்தமான கரைப்பானை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறமிகள் கீழே இறங்கும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் இறங்கும்.

ஏன் என்பதற்குத் திருவிழாக் கடைத்தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தோடு ஒரே நேரத்தில் உள்ளே நுழைகிறோம். தாத்தா எந்தக் கடையையும் பார்க்காமல் நேராகக் கோயிலுக்கு நடக்கிறார். நாம் இரண்டு கடையில் நிற்கிறோம். சின்னப் பையன் பலூன், பொரி, ராட்டினம் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒட்டிக்கொள்கிறான். தெருக்கோடியில் மூன்று பேரும் தனித்தனியாகத்தான் வந்து சேர்வோம். கரோட்டின்தான் தாத்தா. பச்சையம் அந்தப் பையன்.

வெள்ளைப் பொடியில் மஞ்சள், பச்சை, நீலப்பச்சை என்று பட்டை பட்டையாக நிறங்கள் நின்றன. பொடியை அப்படியே குழாயிலிருந்து தள்ளி எடுத்து, கத்தியால் பட்டைகளை வெட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் நிறமியைக் கரைத்து எடுத்தார். பச்சையம் ஒன்றல்ல, இரண்டு வகை என்பதும், மஞ்சளிலும் பல வகை உண்டு என்பதும் கண்ணால் பார்க்கத் தெரிந்தது. 1906-ல் ஜெர்மன் தாவரவியல் சங்கத்தின் இதழில் இரண்டு கட்டுரைகள் எழுதி, இம்முறைக்குக் குரோமட்டோகிராஃபி என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் நிறத்தை எழுதுவது என்று பொருள். ரஷ்ய மொழியில் ஸ்வெட் என்றாலும் நிறம்தான்! தன் பெயரையும் சேர்த்தே எழுதிவிட்டாரா என்று இன்றுவரை ரசித்துப் பேசுகிறார்கள்.

1907 அவருக்கு நல்ல வருஷம். திருமணம் நடந்தது. ஜெர்மன் தாவரவியல் சங்கத்தார் முன்னால் தன் குழாயை வைத்துச் செய்தும் காட்டினார்.

பெரியவர்களின் எதிர்ப்பு

எதிர்ப்பு வந்தது, அதுவும் சாதாரண ஆட்களிடமிருந்து இல்லை. போலந்து வேதியியலார் மார்க்லெவ்ஸ்கி பத்திரிகைகளில் கடுமையாகத் தாக்கினார். ஸ்வெட்டும் சளைக்காமல் பதிலடி கொடுத்தார். அவர் பேனாவும் கொஞ்சம் காரமானதுதான். அதனால் நண்பர்கள் குறைந்தார்கள்.

அதைவிடப் பெரிய அடி ரிச்சர்ட் வில்ஸ்டேட்டரிடமிருந்து வந்தது. பச்சைய ஆராய்ச்சியில் அன்றைக்கு அவரை மிஞ்ச ஆளில்லை. அதற்காகவே 1915-ல் நோபல் பரிசு பெற்றவர். அவரும் அவர் மாணவர் ஸ்டோலும் ஸ்வெட்டின் முறையைச் செய்து பார்த்தார்கள். பச்சையம் குழாயிலேயே கெட்டுப்போனது. ஆகவே இம்முறை லாயக்கில்லை என்று தீர்ப்பு.

எங்கே தவறு? அவர்கள் எடுத்துக்கொண்ட பொடி அளவுக்கு மீறி வீரியமானது. அது பச்சையத்தைப் பிடித்து வைக்கவில்லை, சிதைத்துவிட்டது. பொடி நிறமியோடு வினைபுரியக் கூடாது, அமிலம் இருக்கக் கூடாது, நைசாக இருக்க வேண்டும், உலர்ந்திருக்க வேண்டும் என்று ஸ்வெட் வற்புறுத்தியதெல்லாம் இதற்காகத்தான். குழாயும் கரைப்பானும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அவர் கண்டுபிடிப்பின் உயிரே பொடியைத் தேர்ந்தெடுப்பதிலும் தயார் செய்வதிலும்தான் இருந்தது. அந்த இடத்தைத்தான் பெரியவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கால வேதியியலாருக்குக் கைநிறையப் படிகம் வேண்டும். எடை போட்டு, எரித்துப் பார்த்து, வாய்பாடு எழுத வேண்டும். ஸ்வெட்டின் குழாயில் கிடைத்ததோ துளித் துளி. போதாக்குறைக்கு அவர் தாவரவியலார், எழுதியதும் தாவரவியல் இதழில். வேதியியலார் அதைப் படிக்கவில்லை. ஆனாலும் பச்சையம் இரண்டு வகை என்று ஸ்வெட் சொன்னதை, வேறு வழியில் போய் வில்ஸ்டேட்டரே பின்னால் உறுதி செய்தார்.

கடைசி வருஷங்கள்

1910-ல் ஸ்வெட் தன் ஆராய்ச்சி முழுவதையும் ரஷ்ய மொழியில் ஒரு புத்தகமாக எழுதினார். அதுவே அவருக்கு ரஷ்ய டாக்டர் பட்டத்தையும், அடுத்த வருஷம் ரஷ்ய அறிவியல் கழகத்தின் பரிசு ஒன்றையும் வாங்கித் தந்தது. வார்சா பாலிடெக்னிக்கில் வேலை. கொஞ்சம் மூச்சுவிடலாம் என்ற நேரத்தில் முதல் உலகப் போர் வந்தது.

1915-ல் ஜெர்மன் படைகள் வார்சாவைப் பிடித்தன. பாலிடெக்னிக் மாஸ்கோவுக்கும், பிறகு நிஷ்னி நோவ்கோரதுக்கும் இடம்பெயர்ந்தது. அவரும் கூடவே போனார். ஆராய்ச்சி நின்றது, இடம் மாற்றும் வேலையே முழுநேர வேலையாகிவிட்டது. 1917-ல்தான் யூரியெவ் பல்கலைக்கழகத்தில் (இன்றைய எஸ்டோனியாவின் தார்த்து) தாவரவியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. அப்போது அவருக்கு 45 வயது. அடுத்த வருஷமே அந்த ஊரும் ஜெர்மன் படைகள் கைக்குப் போக, வொரோனெஷ் நகருக்கு மறுபடி பயணம். உடல் ஏற்கெனவே நைந்துபோயிருந்தது. 1919 ஜூன் 26-ம் தேதி அங்கேயே காலமானார். வயது 47.

இதற்கிடையில், 1918-ம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசுக்கு ஹாலந்தின் க்ரோனிங்கன் நகரத்துப் பேராசிரியர் ஒருவர் ஸ்வெட் பெயரைச் சிபாரிசு செய்திருந்தார். கிடைக்கவில்லை. அவ்வருஷப் பரிசு ஃபிரிட்ஸ் ஹேபருக்குப் போனது.

இறந்த பிறகு வந்த காலம்

எல்லோரும் கைவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் மிசௌரியில் பாமர் என்பவர் பாலிலும் வெண்ணெயிலும் உள்ள மஞ்சள் நிறத்தை இம்முறையால் ஆராய்ந்து, 1922-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஸ்வெட்டைப் பற்றி எழுதினார். ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரில் எட்கர் லெடரர் என்ற இளைஞர் அந்தப் புத்தகத்தைப் படித்தார். அவருடைய தலைவர் ரிச்சர்ட் கூன், வில்ஸ்டேட்டரின் மாணவர். ஸ்வெட் புத்தகத்தின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஒன்று வில்ஸ்டேட்டரிடமிருந்து கூனிடம் வந்திருந்தது. லாயக்கில்லை என்று தீர்ப்புச் சொன்னவர் கை வழியாகவே புத்தகம் உரிய ஆளிடம் போய்ச் சேர்ந்தது பாருங்கள்!

1931-ல் கூனும் லெடரரும் முட்டை மஞ்சள் கருவில் உள்ள நிறமிகளைச் சுண்ணாம்புப் பொடியில் பிரித்தார்கள். கரோட்டினும் ஒன்றல்ல, ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு உண்டு என்று நிரூபித்தார்கள். அதன்பின் தடையில்லை. கூனுக்கு 1938-ம் ஆண்டின் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. இம்முறையை வேறு திசையில் வளர்த்த மார்ட்டினும் சிங்கும் 1952-ல் பரிசு வாங்கினார்கள்.

குழாய் தட்டாக மாறியதும் ஸ்வெட் வாழ்ந்த பேரரசின் எல்லைக்குள் இருந்த ஊரில்தான். 1938-ல் உக்ரைனின் கார்கிவ் நகரில் இஸ்மாய்லோவ், ஷ்ரைபெர் என்ற இருவர், மூலிகைச் சாறுகளைச் சோதிக்கக் குழாய் எதற்கு என்று யோசித்தார்கள். கண்ணாடித் துண்டில் அலுமினா பொடியை 2 மில்லிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, நடுவே ஒரு சொட்டு விட்டார்கள். வட்ட வட்டமாக நிறங்கள் விரிந்தன. டி.எல்.சி. எனப்படும் மெல்லடுக்கு வண்ணப்பிரிகையின் ஆரம்பம் இது. 1950-களில் ஜெர்மனியின் ஏகோன் ஸ்டால், சிலிக்கா ஜெல்லோடு பாரிஸ் சாந்தைக் கலந்து, கால் மில்லிமீட்டர் கனத்தில் உதிராத தட்டுகள் செய்து உலகம் முழுக்கப் பரப்பினார்.

பொடி விஷயத்தில் ஸ்வெட் ஆரம்பித்த தேடல் இன்றும் ஓயவில்லை. மண்ணிலிருந்து தோண்டியெடுக்கும் தாதுக்களை அப்படியே தட்டில் பூசினால் பெரும்பாலும் சொதப்பும். பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டான கீசல்கர் மண்ணில் இரும்பு கலந்திருக்கும். அமிலத்தில் கழுவிச் சுட வேண்டும். பென்டோனைட் களிமண் தண்ணீரில் ஊறிக் களியாகிவிடும், அதன் வழியே திரவம் ஏறாது. அடுக்குகளுக்கு நடுவே உள்ள சோடியத்தை எடுத்துவிட்டு நீண்ட அம்மோனிய மூலக்கூறுகளைப் புகுத்தினால், தண்ணீரை விரும்பிய மண் எண்ணெயை விரும்பும் மண்ணாக மாறிவிடும். 1950-ல் ஹோவர்டும் மார்ட்டினும் கீசல்கரைச் சிலேன் ஆவியில் காட்டித் தண்ணீர் ஒட்டாததாக மாற்றி, கொழுப்பு அமிலங்களைப் பிரித்தார்கள். கழுவுவது, சுடுவது, அயனி மாற்றுவது, பூசுவது, கடைசியில் எவ்வளவு ஈரம் மிச்சம் வைப்பது என்று பார்ப்பது. மண் ஒன்றுதான், பக்குவம்தான் அதற்குக் குணம் கொடுக்கிறது.

என் தப்பு

இனி நான் சொல்ல வேண்டியது. ஒரு தவிட்டெண்ணெய் ரிஃபைனரியில் நான் புரொடக்‌ஷன் பொறுப்பில் இருந்தேன். தவிட்டெண்ணெய் இயற்கையிலேயே கருமையும் பச்சையுமாக இருக்கும். அதை வெளுக்க பிளீச்சிங் எர்த் போடுவோம். அது வேறொன்றுமில்லை, அமிலத்தில் பதப்படுத்திய பென்டோனைட் களிமண். பச்சையத்தையும் கரோட்டினையும் பிடித்துக்கொண்டு எண்ணெயை விட்டுவிடும். ஸ்வெட்டின் குழாயைத்தான் டன் கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தேன், அது தெரியாமலே.

லேபில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னிடம் வந்தாள். லோடுக்கு லோடு மண்ணின் தரம் மாறுகிறது சார், மண்ணையே கண்ணாடியில் பூசி டி.எல்.சி. தட்டாக்கினால், எந்த லோடு பச்சையை நன்றாகப் பிடிக்கும் என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம் என்றாள். சரி, செய்து காட்டு என்றேன். முதல் தட்டில் பச்சைப் பொட்டு பழுப்பாகி, அடியிலேயே இழுவிக்கொண்டு நின்றது. மண்ணில் மிச்சமிருந்த அமிலம் பச்சையத்திலிருந்த மக்னீசியத்தைப் பிடுங்கிவிட்டது. இது இன்று எனக்குத் தெரிகிறது. அன்று நான் தட்டைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், இதெல்லாம் இங்கே வேலைக்கு ஆகாதும்மா, டைட்ரேஷனைப் பார் என்று சொல்லிவிட்டேன். மண்ணைக் கழுவி இன்னொரு தரம் பார்க்கிறேன் சார் என்று கேட்டாள். நேரமில்லை என்றேன். சில மாதங்களில் அவள் வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

அந்த வருஷமே மோசமான ஒரு லோடு மண் வந்தது. ஒரு பேட்ச் எண்ணெய் பச்சை நீங்காமல் இரண்டாம் தரம் ஓட வேண்டியதாயிற்று. அன்று ராத்திரி ஷிஃப்டில் உட்கார்ந்திருந்தபோதுதான், வேறெதையோ தேடும்போது ஸ்வெட்டின் வாழ்க்கையைப் படித்தேன். வில்ஸ்டேட்டர் பகுதிக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் வில்ஸ்டேட்டர் அளவுக்குப் படித்தவன் இல்லை. ஆனால் செய்த தப்பு அச்சு அசல் அதேதான். பொடியின் குற்றத்தை முறையின் மேல் போட்டு, ஒரு ஆளின் யோசனையையும் சேர்த்துத் தள்ளிவிட்டேன்.

மறுநாள் நானே லேபில் உட்கார்ந்தேன். மண்ணைச் சோடா உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பலமுறை கழுவி, உலர்த்தி, சலித்து, பாரிஸ் சாந்து சேர்த்துப் பூசினேன். பிரமாதமான தட்டு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கரோட்டின் முன்னே ஓடியது. பச்சை, பச்சையாகவே பின்னால் நின்றது. அந்தப் பெண்ணின் நம்பரைத் தேடிப்பிடித்து, நீ சொன்னதுதான் சரிம்மா, நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் எதிர்முனையில் சத்தமே இல்லை. பிறகு, எத்தனை தடவை கழுவினீங்க சார் என்று கேட்டாள். அவளுக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. ஸ்வெட் இருந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்.

முடிவாக

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு: உங்கள் சோதனை சொதப்பினால் உடனே புத்தகத்தைக் குறை சொல்லாதீர்கள், பொடியைக் கழுவினீர்களா, உலர்த்தினீர்களா என்று முதலில் பாருங்கள். என்னைப் போல வேலையில் இருக்கும் நண்பர்களுக்கு: உங்களிடம் ஒரு சின்னப் பையனோ பெண்ணோ கெட்டுப்போன தட்டை எடுத்துக்கொண்டு வந்தால், இரண்டாவது தட்டுக்கு நேரம் கொடுங்கள். ஸ்வெட் உயிரோடிருந்தபோது அந்த இரண்டாவது வாய்ப்பை அவருக்குக் கொடுத்தவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர். கொடுத்திருந்தால் 25 வருஷம் மிச்சமாகியிருக்கும்.

ரீயூனியனுக்கு வரும்போது கெமிஸ்ட்ரி லேபுக்கு ஐந்து கிலோ மண்ணும் ஒரு பெட்டி கண்ணாடித் தட்டும் கொண்டு வருகிறேன். வளாகத்தில் வேப்பிலைக்குப் பஞ்சமில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இஷ்டப்பட்டவர்கள் வாருங்கள், சேர்ந்து பூசிப் பார்க்கலாம். முதல் தட்டு சொதப்பினால் யாரும் சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான்.